உருளும் எஃகும் எண்ணெய்ப் படலமும்: ஒரு தொழில்நுட்ப வரலாறு

மின்விசிறி, மிதிவண்டிச் சக்கரம், தண்ணீர் மோட்டார், தொடர்வண்டி அச்சு, காற்றாலை ஆகிய எல்லாவற்றிலும் எஃகுக் குண்டுகளோ உருளைகளோ இரண்டு வளையங்களுக்கு இடையே உருண்டு சுமையைத் தாங்குகின்றன. இந்த உறுப்பைப் பாடநூல்கள் தாங்கி என்றும் பட்டறைகள் பேரிங் என்றும் வழங்குகின்றன. குண்டும் வளையமும் தொடும் இடம் மிகச் சிறியது. அங்கே தோன்றும் அழுத்தமோ மிகப் பெரியது. இவ்வளவு அழுத்தத்துக்கு இடையில் எண்ணெய்ப் படலம் ஒன்று நிலைத்து நிற்க முடியுமா என்னும் வினாவுக்கு விடை காண அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. எஃகை நசுக்கும் அதே அழுத்தமே எண்ணெய்ப் படலத்தைக் காக்கிறது என்பதுதான் இறுதியில் கிடைத்த விடை. அவ்விடையை முதலில் கண்டவரின் பெயர் மேலும் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்தது.

சிறு பரப்பும் பெரும் அழுத்தமும்

10 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றைத் தட்டையான எஃகுத் தகட்டின் மேல் வைத்து, அதன் மீது ஏறத்தாழ 10 கிலோகிராம் சுமையை ஏற்றுவதாகக் கொள்வோம். இரு பொருள்களும் சிறிது அமுங்கி, 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு வட்டத்தில் ஒன்றையொன்று தொடும். அந்த வட்டத்தின் நடுவில் அழுத்தம் சுமார் 2.1 கிகாபாஸ்கல் இருக்கும். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 21,000 மடங்கு.

பத்துக் கிலோகிராம் என்பது ஒரு பள்ளி மாணவர் எளிதில் தூக்கும் சுமை. அதே சுமை ஊசிமுனை போன்ற பரப்பில் குவியும்போது இந்த நிலை ஏற்படுகிறது. பேரிங்குகளில் 1 முதல் 3 கிகாபாஸ்கல் வரையான அழுத்தம் வழக்கமானது. பற்சக்கரத்தின் பற்கள் ஒன்றையொன்று தள்ளும் இடத்திலும், தொடர்வண்டிச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்திலும் இதே வகையான நிலைதான்.

ஹெர்ட்சும் கண்ணாடி வில்லைகளும்

இந்த அழுத்தத்தைக் கணக்கிடும் வழியைத் தந்தவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். மின்காந்த அலைகளைக் கண்டறிந்தவர் என்ற வகையில் மாணவர்கள் இவரை அறிவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்சின் உதவியாளராக இருந்தபோது, அவர் வேறொரு சிக்கலை எடுத்துக்கொண்டார்.

ஒரு கண்ணாடி வில்லையை மற்றொன்றின் மேல் வைத்தால், இடையில் உள்ள மெல்லிய காற்று இடைவெளியால் நியூட்டன் வளையங்கள் என்னும் வண்ண வளையங்கள் தோன்றும். வில்லைகளை அழுத்தினால் கண்ணாடி சற்று அமுங்கும். வளையங்களின் வடிவமும் மாறும். அந்த அமுக்கத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பதே ஹெர்ட்சின் வினா. 1880-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் இதற்குத் தீர்வு கண்டார். 1881 ஜனவரியில் பெர்லின் இயற்பியல் கழகத்தில் அதைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 23.

இரண்டு வளைந்த பொருள்கள் அழுந்தும்போது தொடும் பரப்பு நீள்வட்டமாக இருக்கும். அழுத்தம் நடுவில் உச்சமாகவும் விளிம்பில் சுழியாகவும் இருக்கும் என்பது அவருடைய முடிவு. குண்டைப் பொறுத்தவரை சுமையை 8 மடங்காக்கினால்தான் உச்ச அழுத்தம் 2 மடங்காகும். சுமை கூடும்போது தொடும் பரப்பும் விரிவதே இதற்குக் காரணம். பொருள்கள் வழவழப்பானவை, உராய்வற்றவை, முற்றிலும் மீள்தன்மை உடையவை என்ற எடுகோள்களின் மேல் இக்கணக்கு நின்றது. அதில் எண்ணெய்க்கு இடமில்லை.

டவர் கண்ட எண்ணெய் அழுத்தம்

எண்ணெயைப் பற்றிய ஆய்வு வேறொரு பாதையில் நடந்தது. இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியாளர், இயந்திரப் பொறியாளர் நிறுவனத்துக்காகத் தொடர்வண்டி அச்சுகளின் உராய்வை ஆராய்ந்து 1883-இல் அறிக்கை அளித்தார். அவர் சோதித்தது குண்டுகள் இல்லாத புஷ் பேரிங். சோதனையின்போது எண்ணெய் விடுவதற்காக மேற்பகுதியில் ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. துளையை அடைத்த தக்கையையும் வெளியே தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, பேரிங்கின் சராசரி அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது.

சுழலும் அச்சு தன்னோடு எண்ணெயைக் குறுகிச் செல்லும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. அந்த எண்ணெயே அழுத்தம் பெற்றுச் சுமையைத் தூக்குகிறது என்பது இதனால் தெரிந்தது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் இதற்கான சமன்பாட்டைத் தந்தார். உயவியலின் அடிப்படைச் சமன்பாடு இன்றும் அதுவே.

ஆயினும் டவரின் பேரிங்கில் இருந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் பதினைந்து மடங்கு அளவில்தான் இருந்தது. குண்டு உருளும் இடத்திலோ அது ஆயிரக்கணக்கான மடங்கு. ரெனால்ட்சின் சமன்பாடு அங்கும் செல்லுமா என்பது தெளிவாகவில்லை.

மார்ட்டினின் ஏமாற்றம் தந்த கணக்கு

இதற்கிடையே பேரிங் தொழில் வேகமாக வளர்ந்தது. 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் சாணை பிடிக்கும் எந்திரத்தை உருவாக்கினார். பெர்லினுக்கு அருகே ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் பேரிங்குகளை முறையாகச் சோதித்து, ஹெர்ட்சின் கணக்கைப் பொறியாளர்களின் கைக்குக் கொண்டுவந்தார். அவருடைய முடிவுகள் 1901-இல் வெளிவந்தன. 1907-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் எஸ்.கே.எஃப். நிறுவனம் தொடங்கப்பட்டது.

பேரிங்குகள் நன்றாகவே ஓடின. எண்ணெய் அங்கே என்ன செய்கிறது என்பதுதான் விளங்கவில்லை. 1916-இல் எச். எம். மார்ட்டின் என்பவர் ரெனால்ட்சின் சமன்பாட்டைப் பற்சக்கரப் பற்களுக்குப் பொருத்திப் பார்த்தார். பற்களை விறைப்பான உருளைகளாகவும், எண்ணெயின் பாகுநிலையை மாறாததாகவும் எடுத்துக்கொண்டார். கிடைத்த படலத்தின் தடிமன், பற்களின் மேற்பரப்பில் உள்ள மேடுபள்ளங்களைவிட மிகச் சிறியதாக இருந்தது. அப்படியானால் படலம் என ஒன்று இருக்க முடியாது. உலோகம் உலோகத்தோடு உரசித்தான் ஆக வேண்டும்.

நடைமுறை இதற்கு எதிராக இருந்தது. நன்கு எண்ணெயிட்ட பற்சக்கரங்கள் பல ஆண்டுகள் ஓடிய பின்பும், அவற்றைக் கடைந்தபோது விழுந்த கருவித் தடங்கள் சில பற்களில் அழியாமல் இருந்தன. உலோகம் உரசியிருந்தால் அந்தத் தடங்கள் முதலில் மறைந்திருக்கும்.

மார்ட்டினின் கணக்கில் இரண்டு செய்திகள் விடுபட்டிருந்தன. ஒன்று, எஃகு அமுங்கும் என்பது. இதை ஹெர்ட்ஸ் காட்டியிருந்தார். மற்றொன்று, அழுத்தம் கூடினால் எண்ணெய் தடிக்கும் என்பது. அமெரிக்க இயற்பியலாளர் கார்ல் பேரஸ் 1893-இல், கப்பல் பலகைகளின் இடுக்கை அடைக்கும் பசையை அழுத்தி, அதன் பாகுநிலை உயர்வதை அளந்திருந்தார். பிரிட்ஜ்மேன் 1926-இல் 43 திரவங்களை மிக உயர்ந்த அழுத்தத்தில் சோதித்து, இந்த உயர்வு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டினார். பேரஸ் பெயரால் வழங்கும் வாய்பாட்டின்படி, சாதாரணக் கனிம எண்ணெய் 0.5 கிகாபாஸ்கல் அழுத்தத்தில் ஏறத்தாழ 22,000 மடங்கு தடிக்கும். அதற்கும் மேலான அழுத்தத்தில் அது திரவம்போல் அன்றித் திண்மம்போல் நடந்துகொள்ளும்.

உலோகத்துக்குள் நிகழ்வது

படலத்தின் புதிர் தீராத நிலையிலும், பேரிங் எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பொறியாளர்கள் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே தொகுதியில் செய்த பேரிங்குகளை ஒரே சுமையில் ஓட்டினாலும், சில விரைவில் கெட்டன. சில பல மடங்கு நாள் உழைத்தன. எஸ்.கே.எஃப். பொறியாளர் ஆர்விட் பால்ம்கிரென் 1924-இல், ஒரு பேரிங்கின் ஆயுளை அறுதியாகக் கூறாமல், 90 விழுக்காடு பேரிங்குகள் எட்டும் ஆயுளைக் கூறும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் அட்டவணைகளில் உள்ளது இந்த முறைதான்.

பேரிங் கெடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் உலோகச் சோர்வு. ஒரு குண்டு கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும் வளையத்தின் ஒரு புள்ளி அழுந்தி மீள்கிறது. இது கோடிக்கணக்கான முறை நிகழ்கிறது. அழுத்தம் மேற்பரப்பில்தான் உச்சமாக இருக்கிறது. ஆனால் உலோக அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக நழுவச் செய்ய முயலும் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உச்சம் பெறுகிறது. முன்சொன்ன எடுத்துக்காட்டில் அந்த ஆழம் 0.07 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். அங்குள்ள தகைவு 0.67 கிகாபாஸ்கல் அளவில் இருக்கும். எஃகில் கலந்துள்ள நுண்ணிய மாசு ஒன்று அந்த ஆழத்தில் இருந்தால், விரிசல் அங்கே தொடங்கும். அது மேலே வந்து, ஒரு செதில் பெயர்ந்து, குழி விழும்.

இந்தச் சிந்தனையின் மேல், வைபுல் 1939-இல் தந்த புள்ளியியல் முறையைப் பயன்படுத்தி, குஸ்தாவ் லுண்ட்பெர்க்கும் பால்ம்கிரெனும் 1947-இல் ஆயுள் கோட்பாட்டை வெளியிட்டனர். பால் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும் என்ற விதி அதிலிருந்து வந்தது. அந்த விதியிலும் எண்ணெய் இடம்பெறவில்லை.

எண்ணெயின் பங்கு எளிதானதன்று என்பதை 1935-இல் வெளிவந்த ஸ்டூவர்ட் வேயின் ஆய்வு காட்டியது. அவர் எஃகு உருளைகளை எண்ணெயுடனும் எண்ணெய் இன்றியும் ஓட்டினார். எண்ணெய் இட்ட உருளைகளில்தான் குழி விழுந்தது. உலர்ந்த உருளைகளில் விழவில்லை. மேற்பரப்பில் ஏற்படும் நுண்விரிசலுக்குள் எண்ணெய் புகுகிறது. உருளை அதன் வாயை மூடியபடி கடக்கும்போது உள்ளே சிக்கிய எண்ணெய் அழுத்தம் பெற்று விரிசலைப் பிளக்கிறது என்று அவர் விளக்கினார். பாகுநிலை மிகுந்த எண்ணெயில் குழி விழுவது தவிர்க்கப்பட்டதையும் அவர் கண்டார். எந்த எண்ணெய், எவ்வளவு தடிமனான படலம் என்பவை ஆயுளோடு தொடர்புடையவை என்பதற்கு இது ஓர் அறிகுறி.

எர்ட்டெலின் தீர்வு

விடுபட்ட இரு செய்திகளையும் ஒருசேரக் கணக்கில் கொண்டவர் மாஸ்கோவில் பணியாற்றிய அலெக்சாண்டர் எர்ட்டெல். 1939-இல் உயவு பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்ட அவர், 1940களின் நடுப்பகுதிக்குள் தீர்வை எட்டினார்.

அவருடைய வழி எளிமையானது. சுமை பெரியதாக இருக்கும்போது, எண்ணெய் இருந்தாலும் எஃகு ஹெர்ட்ஸ் சொன்ன வடிவத்திலேயே அமுங்கும். ஆகவே இரு பரப்புகளும் நடுப்பகுதியில் ஏறத்தாழ இணையாகத் தட்டையாகிவிடும். முடிவு செய்யும் இடம் நுழைவாயில். உருளும் பரப்புகள் எண்ணெயை அந்தக் குறுகும் வாயிலுக்குள் இழுக்கின்றன. உள்ளே செல்லச் செல்ல அழுத்தம் கூடுகிறது, எண்ணெய் தடிக்கிறது. தட்டையான பகுதியை அடையும்போது, பிதுங்கி வெளியேற முடியாத அளவுக்கு அது இறுகிவிடுகிறது. 0.3 மில்லிமீட்டர் அகலத்தை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கடக்க, ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். அதற்குள் எண்ணெய் தப்பிச் செல்ல வழியில்லை.

இக்கணக்கில் கிடைத்த படலம், மார்ட்டினின் படலத்தைவிடப் பல மடங்கு தடிமனாக இருந்தது. பற்சக்கரங்களில் கருவித் தடங்கள் அழியாததற்குக் காரணம் விளங்கியது. எஃகின் மீள்தன்மையும் எண்ணெயின் ஓட்டமும் சேர்ந்து இயங்கும் இந்த நிலை, மீள்தன்மைசார் பாய்ம இயக்க உயவு எனப்படுகிறது.

போருக்குப் பின் ஜெர்மனிக்குச் சென்ற எர்ட்டெல், சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்பவில்லை. அவருடைய தீர்வு 1949-இல் மாஸ்கோ ஆய்வு நிறுவனத்தின் நூல் ஒன்றில் கிரூபின் என்பவரின் பெயரில் வெளிவந்தது. அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு மேலைநாடுகளை எட்டியது. உலகெங்கும் பாடநூல்கள் அதைக் கிரூபின் வாய்பாடு என்றே எழுதின.

கணிப்பும் அளவீடும்

எர்ட்டெலின் வழி தோராயமானது. அழுத்தத்தின் முழு வடிவத்தை அது தரவில்லை. 1951-இல் பெட்ருசேவிச் என்ற சோவியத் ஆய்வாளர் முழுமையான எண்வழித் தீர்வுகளை வெளியிட்டார். எண்ணெய் வெளியேறும் பக்கத்தில் அழுத்தம் திடீரென ஒரு கூர்முனையாக உயர்வதும், அதை அடுத்து படலம் குறுகுவதும் அதில் தெரிந்தன. 1959-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டங்கன் டௌசனும் கார்டன் ஹிக்கின்சனும் புதிய முறையில் கணக்கிட்டு அதே தோற்றத்தைக் கண்டனர். அவர்களின் நூல் 1966-இல் வெளிவந்தது. அதே ஆண்டு பிரிட்டனில் ஜோஸ்ட் தலைமையிலான குழு அளித்த அறிக்கையின் வழியே, உராய்வு, தேய்மானம், உயவு ஆகியவற்றை ஒருங்கே ஆராயும் துறைக்கு ட்ரைபாலஜி என்ற பெயரும் வழக்குக்கு வந்தது.

டௌசன், ஹிக்கின்சன் ஆகியோரின் வாய்பாடு வியப்பான செய்தி ஒன்றைச் சொன்னது. உருளைகளின் வேகத்தை இரட்டித்தால் படலம் ஏறத்தாழ 1.6 மடங்காகும். ஆனால் சுமையை இரட்டித்தால் படலம் 9 விழுக்காடு அளவுக்கே மெலியும். படலத்தின் தடிமனை நுழைவாயில் தீர்மானிப்பதும், கூடுதல் சுமை பெரும்பாலும் தொடும் பரப்பை விரிப்பதில் செலவாவதும் இதற்குக் காரணங்கள்.

கணக்கு சரியா என்பதைச் சோதனை காட்ட வேண்டியிருந்தது. 1950களின் இறுதியில் பிரிட்டனின் ஏ. டபிள்யூ. குரூக், எண்ணெயிட்டுச் சுழலும் எஃகு வட்டுகளுக்கு இடையே மின்தேக்குத் திறனை அளந்து, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலம் உண்மையிலேயே இருப்பதை உறுதி செய்தார்.

படலத்தின் வடிவத்தைக் கண்ணால் காணச் செய்தது மற்றொரு சோதனை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கோஹாரும் அலஸ்டர் கேமரனும் எஃகுக் குண்டு ஒன்றைக் கண்ணாடித் தகட்டோடு தொட்டபடி எண்ணெயில் சுழலவிட்டு, கண்ணாடி வழியே ஒளியைச் செலுத்தினர். படலத்தின் தடிமனுக்கு ஏற்ப வண்ணப் பட்டைகள் தோன்றின. நடுவில் தட்டையான பகுதியும், அதைச் சுற்றிக் குதிரை லாடம் போன்ற குறுகலும் தெளிவாகத் தெரிந்தன. இந்த முடிவு 1963-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. 1881-இல் ஹெர்ட்சின் சிந்தனையைத் தூண்டியதும் இதே ஒளிக் குறுக்கீட்டு விளைவுதான். அவர் காற்று இடைவெளியில் கண்ட வளையங்கள், 82 ஆண்டுகளுக்குப் பின் எண்ணெய்ப் படலத்தை அளக்கும் கோலாயின.

1976-இலும் அடுத்த ஆண்டிலும் நாசாவின் பெர்னார்ட் ஹாம்ராக்கும் டௌசனும் குண்டுகளுக்கு உரிய நீள்வட்டத் தொடுகைக்கான வாய்பாட்டை வெளியிட்டனர். பேரிங் வடிவமைப்பில் இன்றும் அது பயன்படுகிறது.

பெயர் மீட்பு

எர்ட்டெல் மேற்கு ஜெர்மனியில் மோரன்ஸ்டைன்-எர்ட்டெல் என்ற பெயரில் வாழ்ந்தார். 1984-இல் அவருடைய பழைய ஆய்வு ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் அறிக்கை வரிசையில் அவர் பெயரிலேயே ஜெர்மன் மொழியில் வெளியானது. அடுத்த ஆண்டு, ஒளியால் படலத்தை அளந்த அதே கேமரன், ட்ரைபாலஜி இன்டர்நேஷனல் இதழில் ஒரு குறிப்பு எழுதினார். கிரூபினின் தீர்வு எனப்படுவது எர்ட்டெலின் தீர்வே என்றும், நாற்பது ஆண்டுக்காலத் தவறு திருத்தப்பட வேண்டும் என்றும் அதில் எடுத்துரைத்தார். இப்போது பல நூல்கள் இதை எர்ட்டெல்–கிரூபின் வாய்பாடு என்று குறிப்பிடுகின்றன.

இன்றைய நிலை

தொடுகைத் தகைவு, எண்ணெய்ப் படலம் என்ற இரு பாதைகளும் பின்னர் ஒன்றாயின. படலத்தின் தடிமனை மேற்பரப்பின் சொரசொரப்போடு ஒப்பிடும் விகிதம் 1960களில் வழக்குக்கு வந்தது. படலம் மேடுபள்ளங்களைவிடப் போதிய அளவு தடிமனாக இருந்தால், மேற்பரப்பு காக்கப்படும். விரிசல் தொடங்கினால் அது உள்ளிருந்தே தொடங்கும். படலம் மெலிந்தாலோ, எண்ணெயில் மணலும் உலோகத் துகளும் கலந்தாலோ, ஒவ்வொரு மேடும் துகளும் தனித்தனிச் சிறு தொடுகைகளாகித் தகைவைக் கூட்டும். விரிசல் மேற்பரப்பிலேயே தொடங்கும்.

வெற்றிடத்தில் வாயு நீக்கும் முறையால் பேரிங் எஃகின் தூய்மை உயர்ந்தபோது, பழைய வாய்பாடு சொன்னதைவிடப் பேரிங்குகள் நீண்ட நாள் உழைத்தன. 1985-இல் அயோனிடிஸும் ஹாரிஸும் ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே எஃகு சோர்வடையாது என்ற கருத்தை ஆயுள் கோட்பாட்டில் சேர்த்தனர். 2007-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 281 தரநிலை, சுமையோடு எண்ணெயின் பாகுநிலையையும் தூய்மையையும் சேர்த்தே ஆயுளைக் கணக்கிடச் சொல்கிறது.

பட்டறையில் பேரிங்கைத் திறந்த தட்டில் வைக்காமல் உறையிலேயே வைத்திருப்பதும், கிரீஸ் டப்பாவை மூடி வைப்பதும், உரிய பாகுநிலை கொண்ட எண்ணெயையே ஊற்றுவதும் இந்த வரலாற்றின் நடைமுறைப் பயன்கள். தலைமுடியில் நூறில் ஒரு பங்கு தடிமன் உள்ள படலத்துக்கு ஒரு மணல் துகள் மலைபோன்றது. அந்தப் படலம் தூய்மையாக இருக்கும்வரை, வளிமண்டலத்தைப் போல் இருபதாயிரம் மடங்கு அழுத்தத்தையும் அது தாங்கிக்கொள்ளும்.